விரிபக்கமும் நூற்பாடமும்

நூல் ஒன்றனைப் பக்கம் பக்கமாக எண்ணுதல் உலக வழக்கு. இந்நூல் எத்துணைப் பக்கம் உடைத்து என வினவுவாரும், இத்தனையாம் பக்கத்திற் காண்க என மேற்கோள் காட்டுவாரும் ஒரு பக்கத்தையே அளவாகக் கொள்வர். ஆயினும், தைத்துக் கட்டிய நூலினை விரித்தவழிக் கண்ணுக்குப் புலனாவது ஒரு பக்கம் அன்று. இடப்புறத்தே இரட்டைப்படை எண்ணுடைய பக்கமும், வலப்புறத்தே ஒற்றைப்படை எண்ணுடைய பக்கமும் ஒருங்கே புலனாகின்றன. முதற் பக்கமும் இறுதிப் பக்கமும் ஒழிந்த ஏனைய பக்கங்களெல்லாம் துணையின்றித் தோன்றுதல் இல்லை. இவ்வாறு எதிரெதிராக அமைந்து ஒரு நோக்கில் அகப்படும் பக்கங்கள் இரண்டனையும் சேர்த்து விரிபக்கம் என்னலாம்.

இவ்விரிபக்கம் நூலின் பாடத்தைச் சார்ந்ததோ, அன்றிப் பாடத்தைத் தாங்கும் தாளினை மட்டும் சார்ந்ததோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. அச்சுக்கோப்போர்க்கன்றி ஏனையோர்க்கு இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை எனின், பழைய நூல்கள் பலவும் இஞ்ஞான்று ஒளிப்படமாக எடுக்கப்பெற்றுக் கணினித் திரையிற் பயிலப்படுகின்றன. அங்ஙனம் எடுப்போர் எழுத்து ஒன்றும் குறையாமற் காத்துவிட்டால் நூல் முழுதும் காக்கப்பட்டதாம் என்று கருதுகின்றனர். அக்கருத்து எந்நூற்குப் பொருந்தும், எந்நூற்குப் பொருந்தாது என்று பகுத்தறியாதவழிப் பிழைபட்ட பாடமே மெய்ப்பாடமாக நிலைத்துவிடும்.

விரிபக்கமே நூலின் அளவுகோல் என்பதனை மேனாட்டு அச்சறிஞர் பலர் உணர்ந்திருந்தனர். இங்கிலாந்தில் 1891-ஆம் ஆண்டு கெல்ம்ஸ்காட் அச்சகத்தை நிறுவிய வில்லியம் மாரிஸ், 1893-இல் சிறந்த நூலின் இலக்கணம் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவில், நூலின் உறுப்பாவது தனிப்பக்கம் அன்று, எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டுமே என்று வற்புறுத்தினார். அதற்கேற்ப உள்ளோரம் மிகக் குறுகியும், மேலோரம் அதனிற் சிறிது பெருகியும், வெளியோரம் பின்னும் பெருகியும், கீழோரம் எல்லாவற்றினும் பெருகியும் இருத்தல் வேண்டும் என்றார். ஓர் ஓரத்திற்கும் அடுத்த ஓரத்திற்கும் நூற்றுக்கு இருபது பங்கு ஏற்றம் வைத்தல் இடைக்காலத்தார் முறை என்று நூலகக் காப்பாளராகிய நண்பர் ஒருவர் கூறியதனையும் அவர் எடுத்தோதினார். உள்ளோரம் குறுகவேண்டுதற்குக் காரணம் எளிது. இரண்டு பக்கத்து உள்ளோரமும் நடுமடிப்பிற் கூடி ஒரே வெளியாகத் தோன்றுமாதலின், அவை ஒவ்வொன்றும் வெளியோரத்தளவு அகன்றிருப்பின் எழுத்துப் பரப்பு இரண்டும் ஒன்றையொன்று துறந்து ஓடுவன போலக் காணப்படும்.

ஜெர்மானிய அறிஞர் யான் சிக்கோல்டு இதனைக் கணக்கினால் நிறுவினார். இவர் 1928-இல் வெளியிட்ட நூலிற் பழைய இருபுடையொப்பு முறையினை முற்ற மறுத்தவர்; பின்னர்த் தம் கொள்கையைத் தாமே மறுத்துப் பழைய நெறிக்கு மீண்டவர். 1953-இல் அவர் வரைந்து காட்டிய இலக்கணமாவது: அகலம் 2, உயரம் 3 என்னும் வீதத்திலமைந்த பக்கங்கள் இரண்டனை அருகருகே வைத்து, விரிபக்கம் முழுமைக்கும் மூலைக்கு மூலையாக இரண்டு கோடுகளும், தனிப்பக்கம் ஒவ்வொன்றற்கும் ஒரு மூலைக்கோடும் இழைத்து, அவை தம்முள் வெட்டும் இடங்களினின்று எழுத்துப் பரப்பினை வரையறுத்தல். அவ்வாறு வரையறுத்தவழி உள்ளோரம், மேலோரம், வெளியோரம், கீழோரம் என்னும் நான்கும் முறையே 2, 3, 4, 6 என்னும் வீதத்தில் அமைகின்றன. எழுத்துப் பரப்பின் உயரமும் பக்கத்தின் அகலத்தோடு ஒத்துவிடுகின்றது. இக்கோடுகளுட் சில நடுமடிப்பினைக் கடந்து செல்வன. ஆதலின் ஒற்றைப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விலக்கணத்தை அங்ஙனம் இழைத்தல் இயலாது. பக்கத்தின் அமைதி பக்கத்திற்குப் புறத்தே நின்று பெறப்படுகின்றது என்பது இதனாற் போதரும்.

இவையெல்லாம் கண்ணுக்கு இனிமை பயக்கும் அழகு பற்றியன அல்லவோ, பொருளுக்கும் இவற்றுக்கும் இயைபு யாது எனத் தடை நிகழ்த்துவார் உளர். பாடம் என்பது சொற்களின் நிரலே; சொல் ஏட்டில் நின்றாலும், தாளில் நின்றாலும், செவிவழிச் சென்றாலும் சொல்லே என்பது அவர் துணிபு. இத்தடை எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. தமிழ் நூல்கள் பல்லாண்டு வாழ்ந்த பனையேட்டில் விரிபக்கம் என்பதொன்று இல்லை. ஏடு நீண்டு குறுகியது. துளையிற் கயிறு கோத்த சுவடியில் ஓரேட்டைப் புரட்டினால், புரட்டிய ஏட்டின் பின்புறமும் அடுத்த ஏட்டின் முன்புறமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்குமேயன்றி, நடுமடிப்பின் இருபாலும் சிறகு விரித்தாற்போல நில்லா. ஒரு வெண்பா ஓரேட்டின் இறுதியில் முறிந்து அடுத்த ஏட்டில் முற்றுப்பெறினும் வெண்பாவிற்கு இழுக்கில்லை.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு இவ்விதழைப் பயில்வார்க்கு நன்கு தெரிந்தது. சிவஞானபோதத்துச் சூத்திரங்கள் பன்னிரண்டு. ஒவ்வொரு சூத்திரமும் அதிகரணங்களாகப் பகுக்கப்பட்டு, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் நடக்கின்றது. மேற்கோளின்பின் ஏதுவும், ஏதுவின்பின் எடுத்துக்காட்டும் வருதல் அந்நூலின் உயிர்நிலை. அம்முறை சொல்லிலேயே கிடத்தலின், ஏது வலப்பக்கத்து ஈற்றிலும் எடுத்துக்காட்டு தாளைப் புரட்டிய பின்னும் வரினும் வாதம் ஒருசிறிதும் நெகிழாது. கற்பார்க்குச் சிறிது இடர் விளையலாம், பாடம் பிழைபடாது. இத்தகைய நூல்களில் நிற்பது முன்பின் என்னும் முறை. அம்முறைக்கு விரிபக்கம் புறத்ததே. தடை நிகழ்த்துவார் கூற்று இவ்வளவில் உண்மையென்றே கொள்ளற்பாலது.

எல்லா நூலும் முன்பின் முறையொன்றாலேயே நடப்பனவல்ல. சில நூல்கள் ஒருங்கு தோன்றுதலாற் பொருள் தருவன. அவற்றுக்குச் சிறந்த சான்று பிரெஞ்சுப் புலவர் ஸ்டெஃபான் மல்லார்மே தம் இறுதிக் காலத்தில் இயற்றிய பாட்டாகும். அதன் பெயரைப் பிரெஞ்சுச் சொன்முறையே நிறுத்திப் பெயர்ப்பின், பகடையின் ஓர் எறிவு, ஒருபோதும், ஒழிக்கமாட்டாது, தற்செயலை, என நான்கு கூறாக நிற்கும். பாட்டின் பெயரே பாட்டின் தலைமை வாக்கியமுமாம். நூலினுள் மிகப் பெரிய எழுத்தில் அமைந்த சொற்கள் இவையே. முதல் விரிபக்கத்தில் முதற்கூறும், இரண்டாவதில் இரண்டாங்கூறும், ஐந்தாவதில் மூன்றாங்கூறும், ஒன்பதாவதில் நான்காங்கூறும் நிற்கின்றன. இப்பெருவாக்கியத்தின் இடையிடையே அளவும் சாய்வும் வேறுபட்ட எழுத்துக்களிற் கிளைவாக்கியங்கள் பிறந்து, பரந்து, மறைகின்றன. நூல் முழுதும் விரிபக்கங்கள் பதினொன்று.

பிற நூல்களில் நடுமடிப்பு ஓர் எல்லை. இடப்பக்கம் முழுதும் இறங்கிய பின்னரே கண் வலப்பக்கத்தின் தலைக்கு ஏறும். இப்பாட்டில் அவ்வெல்லை அழிக்கப்பட்டது. அடிகள் இடப்பக்கத்தே தொடங்கி மடிப்பினைக் கடந்து வலப்பக்கத்தே முடிகின்றன. ஆறாம் விரிபக்கத்தில், ஒப்புமை குறித்த ஒரே தொடர் இடப்பக்கத்தின் மேற்புறத்தே ஒருகாலும், வலப்பக்கத்தின் கீழ்ப்புறத்தே மற்றொருகாலும் வருகின்றது. இரண்டற்கும் இடையே சொற்கள் சரிந்து இறங்குகின்றன. கலம் கவிழ்தலும், கடற்சுழியும், எறிவதோ விடுவதோ எனக் கையுள் இறுகிய பகடையும் பாட்டின் பொருளாதலின், அச்சரிவு வெறும் ஒப்பனை அன்று. ஒப்புமைத்தொடர் இரண்டனுள் ஒன்று படிக்கப்படும்போதே மற்றொன்று கண்ணின் ஓரத்தில் நிற்றல் வேண்டும். தொடங்கிய ஒப்புமை தன்னிடத்தே வந்து முடிதல், அதாவது ஒன்றும் நிகழாமையே நிகழ்ந்ததாதல், அவ்வாறன்றிப் புலப்படாது.

இப்பாட்டு முதற்கண் 1897-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொஸ்மோபோலிஸ் என்னும் பன்மொழித் திங்களிதழில் வெளிவந்தது. இதழின் அமைப்பிற்கு இயைய அங்கே தனிப்பக்கமே அளவாகக் கொள்ளப்பட்டது. புலவர் எழுதிய முன்குறிப்பொன்று பாட்டிற்கு முன் நின்றது. பிற பாட்டுக்களில் அடி எவ்வாறு அளவோ அவ்வாறே இதன்கண் பக்கம் அளவு என்னும் கருத்து அதன்கண் உள்ளது. இதழ் வெளிவந்த அவ்வாண்டிலேயே அவர் அமைதியுற்றிலர். அம்புருவாஸ் வொல்லார் என்னும் பதிப்பாளர்பொருட்டு, ஓதிலோன் ரெதோன் என்னும் ஓவியரின் கல்லச்சுப் படங்களோடு, ஃபிர்மேன் திதோ அச்சகத்தில் விரிபக்கங்களாகவே பாட்டினைக் கோக்கச் செய்து, புரூப் தாள்களைத் தம் கையால் மீண்டும் மீண்டும் திருத்தினார். அந்நூல் வெளிவருமுன்னர் 1898 செப்டம்பரில் அவர் காலமானார். 1914-இல் அவர்தம் மருகர் எத்மோன் பொன்னியோவின் முயற்சியால் விரிபக்கப் பதிப்பு வெளிவந்தது. அதன்கண் எழுத்தின் வடிவம் புலவர் தெரிந்தெடுத்த திதோ வடிவம் அன்று. 1980-இல் மித்ஸு ரோனாவும் திபோர் பாப்பும் புரூப் தாள்களை ஆதாரமாகக் கொண்டு மற்றொரு பதிப்பு வெளியிட்டனர்.

இப்பதிப்புக்களுள் எது பாடம் என்னும் வினா எழும். சொற்களின் நிரலே பாடம் என்பார் கொள்கைப்படி, 1897-இல் இதழில் வந்ததும் 1914-இல் நூலாக வந்ததும் சிற்சில வேறுபாடுகள் ஒழிய ஒன்றேயாதல் வேண்டும். புலவரோ முன்னதனை இடைக்கால ஏற்பாடாகவே கொண்டு, தளர்ந்த உடலோடு பின்னதன்பொருட்டு உழைத்தார். இன்னும், 1914-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்து வடிவம் மாறியும் விரிபக்கம் மாறவில்லை. அது குறையுடைய பதிப்பு என்பாரும் அதனைப் பாடம் அன்று என்று தள்ளிற்றிலர். இதழ்ப் பதிப்பினைத் தலைமைப் பாடமாகக் கொள்வார் அரியர். எனவே இப்பாட்டிற்கு எழுத்தின் வடிவம் பொதுவியல்பு, விரிபக்கம் தன்னியல்பு என்று பகுத்துக்கோடல் தகும். தன்னியல்பு நீங்கியவழிப் பொருள் நில்லாது.

மற்றொரு வகையும் உண்டு. அது மூலமும் பெயர்ப்பும் எதிரெதிரே நிற்பது. ஜேம்ஸ் லோபு என்பவர் நிறுவ, 1912 முதல் வெளிவரத் தொடங்கிய லோபு நூல்வரிசையில், இடப்பக்கத்தே கிரேக்க அல்லது இலத்தீன் மூலமும், வலப்பக்கத்தே ஆங்கிலப் பெயர்ப்பும் உள்ளன. கிரேக்க நூல்கட்குப் பச்சை அட்டையும் இலத்தீன் நூல்கட்குச் சிவப்பு அட்டையும் அடையாளம். அரைகுறையாகக் கிரேக்கம் கற்றோர் நாணமின்றி மூலத்தை அணுகுதற்கு இவ்வரிசை வழி திறந்தது என்று வர்ஜீனியா வுல்ஃப் 1917-இல் வரவேற்றெழுதினார். புலமை மிக்கோர் சிலர் இதனை ஊன்றுகோல் என்று இகழ்ந்தனர். கண் எளிதாகிய பக்கத்தையே நாடுமாதலால், இடப்பக்கம் நாளடைவில் வலப்பக்கத்திற்கு அணியாக ஒழிந்துவிடும் என்னும் அச்சம் முற்றும் பொய்யன்று. இரு மொழிப் பதிப்புக்கள் பலவற்றில் மூலம் படிக்கப்படாமலே மதிக்கப்படுகின்றது.

ஆயினும் இவ்வமைப்பின் பெருமை எளிமையில் இல்லை; சான்றில் உள்ளது. பெயர்த்தோன் எச்சொல்லை விட்டான், எதனை விரித்தான், எதனை மழுப்பினான் என்பது தாளைப் புரட்டாமலே அகப்படுகின்றது. மார்சியல் என்னும் இலத்தீன் புலவரின் நாணுதற்குரிய செய்யுட்கள் சிலவற்றை, அவ்வரிசைக்கு முதலிற் பெயர்த்தவர் ஆங்கிலமாக்க விரும்பாமல் இத்தாலிய மொழிப்பெயர்ப்பாக நிறுத்தினார். பெயர்ப்பு மட்டும் தனியே அச்சிடப்பட்டிருப்பின் அச்செய்யுட்களை ஓசையின்றி நீக்கிவிட்டிருத்தல் கூடும். எதிர்ப்பக்கத்தே இலத்தீன் நிற்றலால் நீக்கினால் வெற்றிடம் கிடந்து காட்டிக்கொடுக்கும். நீக்காமல் வேற்றுமொழியில் மறைத்தாலோ, மறைத்ததும் காட்டிக்கொடுக்கும். நகைப்பிற்கிடமாயினும் நேர்மையான ஏற்பாடு. பெயர்ப்பு மூலத்திற்கு விடை சொல்லக் கடமைப்பட்டது என்னும் நியதி இவ்வரிசையில் முன்னுரையில் எழுதப்பட்ட உறுதிமொழியாக நில்லாமல், நூலின் அமைப்பாகவே நிற்கின்றது. விரிபக்கத்தை முறித்து மூலத்தை முதலிலும் பெயர்ப்பை இறுதியிலும் சேர்த்தால் எழுத்தொன்றும் குறையாது. அந்நியதி மட்டும் மறைந்துபோம்.

இனி, விரிபக்கத்தின் சிறப்பு உணர்ந்தோர் மறுதலையாகிய குற்றத்தில் வீழ்தலும் உண்டு. யாண்டும் எவ்விரிபக்கமும் பொருளுடையது என்று கொண்டு, அச்சகத்தின் வசதிக்காக நேர்ந்தவற்றிற்கெல்லாம் நுட்பம் கற்பிப்பர். விரிபக்கம் எஞ்ஞான்றும் பாடத்தின் புறத்தது என்றல் அவ்வியாப்தி என்றால், எஞ்ஞான்றும் பாடத்தின் அகத்தது என்றல் அதிவியாப்தி. அச்சுத்தொழிலின் இயல்பு அறிந்தார் இரண்டாவதில் வீழார். பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரத்தை மடித்துத் தைத்தவழி அதனுள் ஏழு விரிபக்கங்கள் அமையும். அவ்வேழனுள் நடுவணதாகிய 8, 9 என்னும் இரண்டே ஒரே தாளாகத் தொடர்ச்சியுற்று நிற்பன. ஏனைய ஆறும் வெவ்வேறு தாளின் பாதிகள் மடிப்பில் வந்து கூடியன. ஆதலின் ஒரு படத்தையோ தலைப்பையோ மடிப்பின் குறுக்கே ஓடவிட்டால், பாதிகள் ஏறியும் இறங்கியும், மையின் நிறம் சிறிது வேறுபட்டும் நிற்றல் பெரும்பான்மை. நடுவிற் கம்பி தைத்த இதழ்களில் உட்புறத்துத் தாள்கள் வெளியே பிதுங்கி, ஓரம் வெட்டும்போது அவற்றின் அகலம் குறைவதும் உண்டு. தையலின்றிப் பசையால் ஒட்டிய நூலிலோ மடிப்பினருகே உள்ள எழுத்து விழுங்கப்படுகின்றது. முகத்தின் நடுவே மடிப்பு விழுந்து மூக்கிழந்த உருவப்படங்களை வார இதழ்களிற் காணாதார் இலர்.

அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழினைப் பக்க அமைப்பால் உயர்த்திய அலெக்ஸி பிரோடோவிச், 1934 முதல் 1958 வரை அப்பணியில் இருந்தவர், விரிபக்கத்தையே அலகாகக் கொண்டு, படப் படிகளைத் தரையிற் பரப்பி இதழ் முழுவதையும் ஒருங்கே நோக்கி அமைப்பார். அவர் அமைத்தவற்றில் வெள்ளை வெளியும் படமும் சமநிறை பெற்று நின்றன. அவரைப் பின்பற்றியோர் பலரிடத்துப் பெரிய படமும் பெரிய வெளியும் எஞ்சின, சமநிறை எஞ்சவில்லை.

வலத்தினின்று இடமாக நடக்கும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. அவற்றை முற்காலத்தில் ஆங்கிலத்திற் பதிப்பித்தோர், விரிபக்கம் இடத்தினின்று வலமாக நடத்தற்பொருட்டுப் பக்கங்களைக் கண்ணாடியிற் கண்டாற்போலத் திருப்பி அச்சிட்டனர். வலக்கையால் வாள் ஏந்திய வீரரெல்லாம் இடக்கையராயினர்.

கணினித் திரையில் நிகழும் பிழை அத்துணை வெளிப்படையானதன்று. அதனாலேயே அதிகக் கேடு விளைப்பது. நூலினை ஒளிப்படமாக்கிப் பி.டி.எஃப். கோப்பாகச் சேமிப்போர், பெரும்பாலும் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எடுத்து நிரலாக அடுக்குகின்றனர். படிப்போர் இரு பக்கமும் ஒருங்கே காண விழைந்து திரையை அதற்கேற்ப அமைத்தால், கருவி முதலாவதையும் இரண்டாவதையும் இணைக்கின்றது. பின்னர் மூன்றாவதையும் நான்காவதையும் இணைக்கின்றது. வலப்பக்கத்தே நிற்றற்குரிய ஒற்றைப்படைப் பக்கம் இடப்பக்கத்தே போய் நிற்கின்றது. எதிரெதிராக மூலமும் பெயர்ப்பும் உடைய நூலில் இதனால் விளைவது யாது? இரண்டாம் பக்கத்து மூலத்திற்கு மூன்றாம் பக்கத்தது பெயர்ப்பு. திரையிலோ மூன்றாம் பக்கத்துப் பெயர்ப்பின் எதிரே நான்காம் பக்கத்து மூலம் நிற்கின்றது. மொழி அறிந்தவன் ஓரடி படித்தமாத்திரையே பிழையை உணர்ந்துகொள்வான். மொழியினை இனிக் கற்கப் புகுந்தவன், எவன்பொருட்டு அவ்வமைப்பு ஏற்பட்டதோ அவன், ஒன்றற்கொன்று இயைபில்லாத இரண்டனை இயைபுடையனவாகக் கருதி மயங்குவான்.

எழுத்தில்லாத வெற்றுப் பக்கங்களை வீணென்று விட்டுவிடுதல் மற்றொரு பிழை. ஒரு வெற்றுப் பக்கம் விடுபட்டால் அதன்பின் உள்ள இணைகளெல்லாம் நூல் முடியும்வரை புரண்டுபோம். மல்லார்மேயின் பாட்டில் முதல் விரிபக்கத்தின் இடப்பக்கம் வெற்றுப் பக்கமே. வலப்பக்கத்தே தலைமை வாக்கியத்தின் முதற்கூறு தனித்து நிற்கின்றது. அவ்வெற்றிடத்தைத் தாள் என்று கருதி நீக்கினால், அதன்பின் வரும் பத்து விரிபக்கங்களும் முறிந்து, ஓரடியின் முற்பாதி ஒரு திரையிலும் பிற்பாதி அடுத்த திரையிலும் விழும். எழுத்து ஒன்றும் குறையாமலே பாட்டு முழுதும் சிதைந்ததாம்.

இப்பிழைகளை விலக்குதற்குப் பெரும் பொருளோ அரிய கருவியோ வேண்டா. வெற்றுப் பக்கங்களையும் எண்ணி ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். இணைத்துக் காட்டும்போது முதற் பக்கம் தனியே நிற்குமாறு அமைத்தல் வேண்டும்; அதற்குரிய ஏற்பாடு பி.டி.எஃப். படிக்கும் கருவிகள் பலவற்றிலும் உள்ளது. 2014-இல் தொடங்கிய லோபு நூல்வரிசையின் கணினிப் பதிப்பு மூலத்தையும் பெயர்ப்பையும் எதிரெதிரே நிறுத்தியே காட்டுகின்றது. நூல்களைத் தாமே ஒளிப்படமாக்கும் சிறு நூலகத்தாரும் அன்பர்களும், எடுத்து முடித்தபின் நூலின் இடையே ஒரு விரிபக்கத்தைத் திறந்து, திரையிற் காண்பதனோடு ஒப்பிட்டு, இரட்டைப்படை எண் இடப்புறத்தே உள்ளதா என்று ஒருமுறை நோக்கினாற் போதும்.